சரி. வாரேன்.

நடு மேசைதான் வேண்டும் என்று போன் போட்டுச் சொல்லி வைத்தது நான்தான், அதனால் எல்லாரும் பார்க்கிறார்களே என்று இப்போது குறைப்பட எனக்கு உரிமை இல்லை, பார்க்கட்டும், பார்ப்பதற்குத்தானே நடு மேசை. இந்த ஊரில் எந்தக் கடையில் எந்த மேசை நல்ல மேசை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம், வெள்ளிக்கிழமைதோறும் சனி ஞாயிறு என்ன பண்ணலாம் என்று பத்திரிகையில் இந்த வசுமதி எழுதினால்தான் பாதிச் சென்னை வீட்டை விட்டுக் கிளம்புகிறது, சரி, கொஞ்சம் அதிகம், கால்வாசி என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வாசல் பக்கம், பிடிக்காவிட்டால் எழுந்து ஓட வசதி. ஆறு மாதம் ஆனவர்களுக்கு மூலை. நடு மேசை கல்யாணம் ஆனவர்களுக்கும் வெட்கம் கெட்டவர்களுக்கும். இது நான் எழுதிய வரி, நிறையப் பேர் பகிர்ந்தார்கள், எனக்கே அதில் கொஞ்சம் பெருமை உண்டு. இந்த இடத்தைப் பற்றியும் போன வருஷம் எழுதியிருக்கிறேன், அடையாறில் ஒரு பழைய பங்களா, கீழே முற்றத்தில் சாப்பாடு, பக்கத்து அறைகளில் ஓவியம், மாடியில் நூறு பேர் உட்காரும் நாடக அரங்கு, ஒரு சாயங்காலத்துக்கு வேண்டிய எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, காதலிக்க ஆள் மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும். எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது. ஆள் மட்டும் கொண்டு வர வேண்டுமாம். சர்வர் மறுபடியும் வந்து நிற்கிறார். "மேடம், இன்னும் ஒருத்தர் வர்றாங்களா?" அவர் கேட்டது நாற்காலியைப் பற்றி. வேறு மேசைக்கு ஒன்று குறைகிறது போலிருக்கிறது, இந்த நாற்காலியை அங்கே எடுத்துப் போடலாமா என்று கேட்க வந்தவர். "வர்றாங்க," என்று அவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன், பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்க்கிறாள்.

வருகிறார் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதாவது வாரேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்றா என்பதுதான் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து என்னைப் போட்டு அரிக்கிற சங்கதி. புதன்கிழமை நான் அனுப்பியதை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கிறேன், எழுத்துப் பிழை கூட இல்லை, கோபத்திலும் நான் பிழையில்லாமல்தான் எழுதுவேன். "செல்வின், இனிமே இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்துக்கறது எனக்கு ஒத்து வராது. சனிக்கிழமை நாடகத்துக்கு எங்க அக்கா வர்றா, ஆபீஸ்ல எல்லாரும் வர்றாங்க. ஒண்ணு, எல்லார் முன்னாடியும் வந்து என் பக்கத்துல உக்காருங்க. இல்லன்னா இதோட விட்டுடலாம்." மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. "சரி. வாரேன்." அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் ஆபீஸ் மாடிக்குப் போய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் குதித்த குதி எனக்கும் அந்தத் தொட்டிக்கும்தான் தெரியும், முப்பத்தொன்பது வயதுப் பெண் குதிக்கிற குதி இல்லை அது. கீழே வந்து அக்காவுக்குப் போன் போட்டு ஒருத்தரைக் காட்டுகிறேன் வா என்றேன், நடு மேசை சொன்னேன், டிக்கெட் எடுத்தேன். எல்லாம் முடிந்து நேற்று இந்த வாரக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது, கடைசி வரியில் வாருங்கள் என்று தட்டப் போனேன், கை அப்படியே நின்றுவிட்டது. எதற்குச் சரி? ஒண்ணு இது, இல்லன்னா அது என்று இரண்டைச் சொல்லிவிட்டு, கடைசியாக விட்டுடலாம் என்று முடித்தவள் நான். சரி என்றால் விட்டுவிடுவதற்கும் சரிதானே. அப்புறம் ஒரு புள்ளி. அந்த மனிதர் புள்ளியே வைக்க மாட்டார், எட்டு மாதத்துச் செய்திகளையும் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் ஒரு புள்ளி கிடையாது, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். இதில் மட்டும் இரண்டு. சரி, புள்ளி. வாரேன், புள்ளி. எழுந்து நின்று, சட்டையைச் சரி பண்ணிக்கொண்டு, சரி, வாரேன் என்று தூத்துக்குடிக்காரர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். போகிறேன் என்று வாயால் சொல்லக் கூடாது என்று எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ, வருகிறவனும் வாரேன் என்கிறான், போகிறவனும் வாரேன் என்கிறான், நடுவில் நான் ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிரியாணி ஞாபகம் வருகிறது, சிரிப்பும் வருகிறது, சிரிக்கிற நேரமா இது, ஆனாலும் வருகிறது. பழகின புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் அரை மணி நேரம் பேசிவிட்டு, "சரி, அப்ப வாரேன்," என்று வைத்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போதா, வீட்டுக்கா, விலாசம் எப்படித் தெரியும் என்றெல்லாம் யோசிக்கவே இல்லை, சோபாவில் கிடந்த துணி மலையை அப்படியே அள்ளிக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன், தலை வாரினேன், நைட்டியை மாற்றினேன், இரண்டு பிரியாணி வரவழைத்தேன், ஒன்று மட்டன் ஒன்று கோழி, எது பிடிக்குமோ. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்த பிறகு, எங்கே இருக்கீங்க என்று கேட்டால் மனிதர் தூங்கி எழுந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். "ஏன், நாந்தான் வாரேன்னு சொல்லிட்டு வச்சேனே." அவர்கள் வீட்டில் போனை வைக்கும்போதும் அப்படித்தான் சொல்வார்களாம், வைக்கேன் என்று சொன்னால் அவர் அம்மாவுக்குப் பிடிக்காதாம். இரண்டு பிரியாணியையும் நானே சாப்பிட்டேன் என்று சொன்னதும் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். நல்ல சிரிப்பு அது. டேட்டிங் ஆப்பில் இருந்த போட்டோவில் அந்தச் சிரிப்பு கிடையாது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மூஞ்சி, துறைமுகத்தில் ஷிப்பிங் கம்பெனி மேனேஜர், நாற்பத்து நான்கு வயது, விவாகரத்து ஆனவர், மகள் தூத்துக்குடியில் பாட்டியிடம் இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். நான் அதில் சேர்ந்ததே ஒரு கட்டுரைக்காக, முப்பத்தைந்துக்கு மேல் சென்னையில் காதல் என்று தலைப்பு, ஆராய்ச்சி என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டேன். ஆராய்ச்சி எட்டு மாதம் ஓடிவிட்டது. மண்ணடியில் பர்மா அத்தோ நூடுல்ஸ், சௌகார்பேட்டையில் கச்சோரி, எழும்பூரில் கண்காட்சி, ஒரு தடவை ஒரு நவீன நடனம், ஒன்றரை மணி நேரம் ஒரு பெண் தரையில் உருண்டாள், வெளியே வந்ததும் "அந்தப் புள்ளைக்கி முட்டி வலிக்காதா வசு" என்று கேட்டார், நான் என் விமரிசனத்தை அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் எழுதினேன். எழுதும்போதெல்லாம் நாங்கள் சாப்பிட்டோம், நாங்கள் பார்த்தோம் என்றுதான் வரும். யார் அந்த இன்னொருவர் என்று ஒரு வாசகி கேட்டதற்கு ஆசிரியர் குழு என்று பதில் போட்டேன். போகிற இடத்திலெல்லாம் ஆசிரியர் குழு வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரும். சர்ச் ஆட்கள் பார்த்துவிடுவார்களாம், பார்த்தால் ஊருக்குத் தெரியுமாம், ஊருக்குத் தெரிந்தால் அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியுமாம். முதல் மூன்று மாதம் அது சுவாரசியமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் அண்ணா நகரில் ஐஸ்க்ரீம் கடையில் யாரோ தெரிந்தவர் நுழைந்தார் என்று எழுந்து கைகழுவப் போனவர் அந்த ஆள் கிளம்புகிற வரைக்கும் திரும்பி வரவே இல்லை. இரண்டு கிண்ணத்திலும் ஐஸ்க்ரீம் உருகி ஓடியது. அன்றைக்குத்தான் என் மனசுக்குள் ஏதோ கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறேன், புதன்கிழமைச் செய்தியை நான் எழுத ஆரம்பித்தது அந்த மேசையில்தான்.

அக்கா ஓவியம் பார்த்துவிட்டு வருகிறாள், நடையிலேயே அவள் அபிப்பிராயம் தெரிகிறது. "என்னடி, நாலு கோடு போட்டு விட்டுருக்கான், அதுக்கு முன்னாடி ஒருத்தன் தாடையில கை வெச்சுக்கிட்டு அரை மணி நேரமா நிக்கறான், பாவம் பல்வலியோ என்னமோ." அக்கா இந்துமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கோடு என்றால் அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் அவளுக்கு. எதிரில் உட்கார்ந்து, இத்தனூண்டு கண்ணாடிக் குவளையில் வந்திருக்கும் ரசத்தை முகர்ந்து பார்த்து, "மிளகு கம்மி," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒரே வாயில் குடிக்கிறாள். அப்புறம் என்னைப் பார்க்கிறாள். "எங்கடி உன் ஆளு?" "வாரேன்னு சொல்லியிருக்கார்க்கா." இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அப்படியே அவர் சொன்னதுதான். "போன் பண்ணிப் பாரேன்." "வேணாம்." "ஏன், என்ன ராங்கி?" ராங்கிதான், அதில் சந்தேகமில்லை, ஒன்று இல்லையென்றால் இன்னொன்று என்று சட்டம் பேசியவள் இப்போது வர்றீங்களா மாட்டீங்களா என்று கேட்டால் அதற்குப் பேர் கெஞ்சல். ஆனால் ராங்கி மட்டும் இல்லை. கேட்டால் தெரிந்துவிடும். கேட்காத வரைக்கும் அந்தச் சொல்லில் பாதி என்னுடையது, பாதி வாரேன் இப்போது எங்கேயோ மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றுகொண்டிருக்கலாம், பச்சை விழக் காத்துக்கொண்டிருக்கலாம், அந்தப் பாதியை எதற்கு நானே கையை விட வேண்டும். மாடியில் முதல் மணி அடிக்கிறது. ஆபீஸ் கூட்டம் அந்தப் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து கை காட்டுகிறது, இரண்டு பேருக்கு என்ன விஷயம் என்று தெரியும், அவர்கள் கை காட்டுகிற விதமே வேறு. நானும் காட்டுகிறேன், நிமிர்ந்து உட்காருகிறேன். இந்தப் புடவை எனக்கு நன்றாக இருக்கிறது. அரக்கு நிறம், மெல்லிய கரை, கண்ணாடியில் பார்த்தபோதே தெரியும், வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் புடவை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் புடவையால் மறைக்க முடியாதது ஒன்று இருக்கிறது. பயம். வேறு பேரெல்லாம் வைத்துப் பார்த்தேன், பசி, பதற்றம், ரசம், எதுவும் பொருந்தவில்லை, பயம்தான். தனியாக இருப்பதற்குப் பயமில்லை, தனியாக நாடகம் பார்ப்பேன், தனியாகப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது பாயசம் கேட்பேன். இந்த மனிதர் இல்லாமல் இருப்பதற்குத்தான் பயம், அது வேறு. முட்டி வலிக்காதா என்று இனி யார் கேட்பார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு பனங்கிழங்கு கட்லெட்டைப் பாதியாக வெட்டி என் தட்டில் வைக்கிறாள். "சாப்புடு. இது ஒண்ணுதான் வாயில வைக்கற மாதிரி இருக்கு."

இரண்டாவது மணி. மூன்றாவது மணிக்குக் கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் யார் வந்தாலும் திறக்க மாட்டார்கள், அதையும் எழுதியிருக்கிறேன், தாமதமாக வருகிறவர்களே, வீட்டுக்குப் போங்கள் என்று, ஏன்தான் இப்படியெல்லாம் திமிராக எழுதுகிறேனோ. முற்றம் காலியாகிறது, நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், படிக்கட்டில் வாசனைத் திரவியங்கள் எல்லாம் கலந்து மேலே போகின்றன, நான் கைப்பையை எடுக்கிறேன், எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், எழுந்திருக்கவில்லை, அப்போது வாசலில் அந்த வெள்ளைச் சட்டை. வந்துவிட்டார். வந்துவிட்டார் என்று எனக்குள் ஏதோ எழுந்து நின்றே விட்டது, பார்த்தாயா, பார்த்தாயா, புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாயே, வந்துவிட்டாரே. சுவரோரமாக வரவில்லை, வழக்கம்போல மூலையைத் தேடவில்லை, நேராக நடுவில் வருகிறார், ஆபீஸ் கூட்டத்தின் நடுவில் புகுந்து, வழி விடுங்க என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பார்க்க. எட்டு மாதத்தில் இவ்வளவு நிமிர்ந்து அவர் நடந்து நான் பார்த்ததில்லை. கிட்டே வந்த பிறகுதான் முகம் தெரிகிறது. "அக்கா, இதுதான் செல்வின்," என்கிறேன், குரல் நன்றாகத்தான் வருகிறது. "வாங்க தம்பி, உக்காருங்க, எவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டிருக்கா," என்று அக்கா நாற்காலியை இழுக்கிறாள். அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இல்லக்கா, இருக்கட்டும். நேர்ல பாத்துச் சொல்லிட்டுப் போவோம்னுதான் வந்தேன். போன்ல சொல்ல மனசு வரல." அப்புறம் என்னைப் பார்க்கிறார். "பாப்பாகிட்ட சொல்லிப் பாத்தேன் வசு. புதன்கிழமையே ரயில் ஏறிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், உன்னப் பத்தி, நாம போன எடத்தப் பத்தி. தட்டத் தள்ளி வச்சுட்டா. ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல. நான் சரின்னு சொன்ன பெறகுதான் சாப்புட்டா." தூத்துக்குடிக்குப் போயிருக்கிறார். என் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கே போயிருக்கிறார். நான் கேட்டதைச் செய்யப் போயிருக்கிறார், அது எனக்குத் தோன்றவே இல்லை, இரண்டு அர்த்தத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்த நான், அந்தச் சொல்லை அடித்த மனிதர் எங்கே உட்கார்ந்து அடித்தார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. "அவளுக்கு இது பதினாலு வயசு. எனக்கு வேற வழி தெரியல," என்கிறார். கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறேன், ஐஸ்க்ரீம் கடையைத் தேடுகிறேன், வாசலுக்குக் காட்டிய முதுகுகளையெல்லாம் தேடுகிறேன், ஒன்றும் கைக்கு வரவில்லை, ஒரு பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தால் எந்த அப்பனும் செய்வதைத்தான் செய்திருக்கிறார். ஒளிந்து ஒளிந்து காதலித்தவர் ஊரறிய வந்து நின்று முடிக்கிறார். அதற்கு அவரைப் பிடிக்கிறது, அதுதான் கொடுமை, இந்த நிமிஷம்தான் ரொம்பப் பிடிக்கிறது.

"வாரேங்க்கா," என்று அக்காவைப் பார்த்துக் கும்பிடுகிறார். வாய்ப் பழக்கத்தில், "போயிட்டு வாங்க தம்பி," என்கிறாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்புகிறார். "வாரேன் வசு." இதற்குப் பதில் எல்லாருக்கும் தெரியும், யோசிக்கவே வேண்டாம், சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற சம்பந்திக்குக்கூட வாசல் வரை வந்து வாங்க என்றுதான் சொல்வோம். என் வாய்க்கும் வந்துவிட்டது, நாக்கு நுனியில் நிற்கிறது. சொன்னால் வந்துவிடுவார். எனக்குத் தெரியும் இவரை, ஒரு மாதம் பொறுப்பார், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கூப்பிட்டேன் என்பார், நான் ஒரு மூலை மேசை சொல்வேன், அவர் முதுகைக் காட்டி உட்காருவார், நான் நாங்கள் என்று எழுதுவேன், அங்கே ஒரு பெண், அப்பா எந்த ஊர் மேசையில் உட்கார்ந்திருக்கிறாரோ என்று தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வாங்க என்கிற ஒரு சொல்லில் இத்தனையும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது. "போங்க," என்கிறேன். அக்கா பதறிப் போய் என் கையைப் பிடிக்கிறாள். "ஏய், என்ன பேச்சுடி இது, அப்படிச் சொல்லக் கூடாது, வாங்கன்னு சொல்லு." கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். கோபமில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதனால் முகத்தை நேராகப் பார்த்து, குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிற குரலில், இன்னொரு தடவை சொல்கிறேன். "போங்க செல்வின்." அவர் கண் கலங்குகிறது, எனக்கும்தான், ரொம்ப வலிக்கிறது, இதில் வீறாப்பு ஒன்றும் இல்லை. நாற்காலியிலிருந்து கையை எடுக்கிறார். தலையாட்டுகிறார். சரி என்று சொல்லவில்லை, வாரேன் என்று சொல்லவில்லை, திரும்பி, வந்த வழியே, நடுவிலேயே நடந்து போகிறார். மேலே மூன்றாவது மணி அடிக்கிறது. அக்கா இன்னும் என் கையை விடவில்லை. "எழுந்திரு," என்கிறேன் அவளிடம், "கதவச் சாத்திடப் போறாங்க."